நிகர எடை

மாங்கூழ் ஆலை எடைமேடையில்
எட்டு வருடமாக நான் சொல்வது ஒரே வாக்கியம்:
டிரைவர் இறங்குங்க.
இறங்காமல் உட்கார்ந்திருப்பவன்
எழுபது கிலோ பெங்களூரா மாங்காயாகிக்
கணக்கில் ஏறிவிடுவான்.

கட்டிகானப்பள்ளியில் வீட்டுக்குப் பின்னால்
துணி காயப்போடும் இடத்தில் தகரம் வேய்ந்து
திம்மராயன் ஒரு எஸ்டீமைப் பிரித்துப் போட்டிருக்கிறான்.
தொண்ணூற்றாறு மாடல், கார்புரேட்டர் வண்டி.
நானூற்று இரண்டு மீட்டர் ஓடினால் போதும்,
அதற்கெதற்குப் பின்சீட் என்றான்.
கம்பளம், ஏசி, ஸ்டெப்னி, ஹாரன், எல்லாம் போயிற்று.
தரையில் ஒட்டியிருந்த தார்த்தாளை
மூன்று ஞாயிறு உளியால் சுரண்டினோம்.
வாளியில் சேர்ந்தது பதினொரு கிலோ.
என் நகத்தில் சேர்ந்ததை நிறுக்கவில்லை.

கதவுக் கண்ணாடியை எடுத்து அக்ரிலிக் மாட்டிய அன்று
என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான்.
அவன் எண்பத்தெட்டு, நான் நாற்பத்தாறு.
"நீயே ஓட்டிடு" என்றான்,
கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்வதுபோல.

லோடு வராத ராத்திரிகளில் மேடையேற்றுவோம்.
எங்கள் மேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
போல்ட் போல்ட்டாக அவன் குறைத்ததெல்லாம்
பல வாரம் ஒரே எண்ணில் நின்றது.
திடீரென்று ஒருநாள் அறுநூற்றெழுபது.
அன்றைக்கு முட்டைப் பரோட்டா.
என்னையும் சேர்த்து எவ்வளவு என்று பார்க்க
தனியாக ஒருமுறை முயன்றேன்.
எண் இருப்பது என் அறைக்குள்.
வண்டியில் உட்கார்ந்தால் எண் தெரியாது,
இறங்கி வந்தால் எண்ணில் நான் இல்லை.

ஆடி மாதம், அவன் ஷிஃப்டில் இருந்த மாலை,
வெல்டிங் கடைப் பையன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.
இறங்கு என்றேன். இறங்கினான்.
எழுநூறு.
மேடைதான் கெட்டுவிட்டதென்று
காலி டிராக்டர் ஒன்றை ஏற்றிச் சரிபார்த்தேன்.
மேடை சரி.
டார்ச் அடித்தால்
ஓட்டுபவர் சீட்டைச் சுற்றி,
தலைக்கு மேலே, விலாவுக்குப் பக்கத்தில்,
இன்னும் சூடு ஆறாத குழாய்க் கூண்டு.
சாவிவளையத்தைக்கூடக் கழற்றச் சொல்பவன்
அந்த முப்பது கிலோவைப் பற்றி வாய் திறக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
தேதி போட்டு நோட்டில் எழுதினேன்.

அப்புறம் டியூனிங் என்ற பெயரில் இரண்டு மாதம்
வீடு முழுக்கப் பெட்ரோல் வாசம்.
குங்குமச் சிமிழில் ஜெட்டுகள்:
நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து, நூற்றிருபது.
சிவப்புப் படிந்தே கார்புரேட்டருக்குள் போகும்.
பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பான்.
கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம்,
வெளுத்திருந்தால் காற்று அதிகம்.
ராகி மாவு நிறம் வரணும், ராகி மாவு.
பிள்ளைக்குப் பரீட்சை என்று சண்டைக்கு வந்த
எதிர்வீட்டு ஷாகிரா கையில்
டைமிங் லைட்டைக் கொடுத்துவிட்டான்.
வெளிச்சம் துடிக்கத் துடிக்க,
சுற்றுகிற புல்லியில் வெள்ளைக் கோடு
அப்படியே நின்றது.
"நிக்குதே!" என்றாள்.
ஓடுகிறது அக்கா, கையை வைத்துவிடாதே.

ஓசூர் மேட்டில் ஓட்டம்.
சூளகிரி தாண்டினால் காற்று மெலிந்துவிடும்.
வழியில் பானெட்டைத் திறந்து
பதினைந்தை எடுத்துப் பத்தைப் போட்டான்.
நான் டீ குடித்தேன். கை நடுங்கியது டீயாலல்ல.

கோட்டில் நிற்கையில்
மூன்று மஞ்சள் விளக்கு ஒவ்வொன்றாய் எரியும்.
மூன்றாவதில் என் கால் கிளட்ச்சை விட்டுவிட்டது.
நொடியில் நூற்றில் நான்கு பங்கு முந்தி.
என் பக்கம் சிவப்பு.
பார்த்தேன். பார்த்த பிறகும் மிதித்தேன்.
இரண்டு, மூன்று, கூண்டு கிணுகிணுத்தது,
காதில் வேறொன்றும் இல்லை.

சீட்டில் அச்சாகியிருந்தது: பதினான்கு புள்ளி ஒன்பது ஒன்று.
பதினைந்துக்குக் கீழே அதுவே முதல்முறை.
பக்கத்தில்: செல்லாது.
வந்து இறங்கிக் கணக்கில் சேராத மாங்காய்
எவ்வளவோ பார்த்திருக்கிறேன்.

திம்மராயன் சீட்டை வாங்கவில்லை.
ஆறட்டும் என்றேன், கேட்காமல்
துணியைச் சுற்றிப் பிளக்கைத் திருகி எடுத்தான்.
கை மாற்றிக் கை மாற்றி, ஊதி ஊதி,
என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

ராகி.